ஐஸ்காரம்மா

"தெரியாது" என்ற சொல்லை அத்தனை பேர் முன்னால் அவ்வளவு சத்தமாகச் சொன்ன படித்த ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விராலிமலைக்கு மேற்கே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. சித்திரை வெயில். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். அவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, அதனால் சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும் எப்படி மாறும் என்று மேடம் ஆராய்ச்சி செய்கிறார், உங்கள் ஊர் மாடிகளில் சில தகடுகள் வைக்க வேண்டும் என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"சரிங்கம்மா, வெயிலு வருசா வருசம் கூடுது. அப்ப ஆலங்கட்டி கூடுமா, கொறையுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

பெஞ்ச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "சூடு கூடுனா மேகத்துக்குள்ள காத்து இன்னும் வேகமா மேல போகும். கட்டி பெருசாகும். ஆனா அது கீழ வர்ற வழியெல்லாமும் சூடுதானே? சின்னக் கட்டி பூராம் பாதியிலயே உருகி மழையாயிரும். பெருசுதான் தப்பிச்சுத் தரைக்கு வரும். ரெண்டுல எது ஜெயிக்கும்னு நம்ம ஊருக்குச் சொல்லணும்னா, இதுவரைக்கும் இங்க என்ன விழுந்துச்சுன்னு தெரியணும். ஒருத்தரும் எழுதி வைக்கலைங்க. ஒருத்தரும்!"

கடைசி வார்த்தையில் குரல் ஏறிவிட்டது. யாரோ அவருடைய சொத்தை எடுத்துப் போய்விட்டதுபோல நின்றார். பெஞ்சில் சிரிப்பு நின்றது. டீக்காரர்தான் முதலில், "எங்க வீட்டு மாடியில வச்சுக்கங்க" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு, கணவர் சிங்கப்பூரில், மகள் மூன்றாம் வகுப்பில் என்று விராலிமலையில் வீட்டோடு இருந்தேன். களப்பணிக்கு ஆள் தேவை, ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று பழைய கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நேர்முகத் தேர்வு ஒரு புளியமரத்தடியில் நடந்தது. ஒரே கேள்வி.

"இந்த மரம் எவ்வளவு உயரம் இருக்கும்?"

"சுமார் நாப்பது அடி இருக்கும் மேடம்."

"சுமாருன்னா?"

 பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார். மர நிழலை அளந்து, என் உயரத்தை அளந்து, என் நிழலை அளந்து, கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார். ஐம்பத்திரண்டு அடி வந்தது.

"பன்னெண்டு அடி எங்க போச்சு?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கோபம். பன்னிரண்டு அடி மரத்தை நான் வெட்டிச் சாய்த்துவிட்டதுபோல. பிறகு, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துரு" என்றார்.

வேலை எளிதுதான். தெர்மாகோல் அட்டையின் மேல் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, மாடியில் ஒரு இரும்புச் சட்டத்தில் கட்டி வைக்க வேண்டும். ஆலங்கட்டி விழுந்தால் தாளில் குழி விழும். குழியை அளந்தால் கட்டியின் அளவு தெரியும். இதைத்தான் நாங்கள் தகடு என்றோம். இருபத்தாறு மாடிகளில் இருபத்தாறு தகடு. வெயிலில் தாள் பிய்ந்துவிடும் என்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்ட வேண்டும். எந்த அளவுக் கட்டிக்கு எந்த அளவுக் குழி என்று தெரிந்துகொள்ள, அவர் தங்கியிருந்த வாடகை அறையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று விதவிதமான இரும்பு உருண்டைகளைத் தகட்டின்மேல் போட்டுப் பார்ப்போம். அதில் எனக்கு நல்ல கை வந்துவிட்டது.

தகடு இல்லாத ஊர்க்காரர்கள் போனில் சொல்வார்கள். அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்காருவார்.

"நெல்லிக்காய் கணக்கா விழுந்துச்சுங்க."

"எந்த நெல்லி? அரைநெல்லியா, பெருநெல்லியா?"

"அது வந்து... நெல்லிதாங்க."

"கையில எடுத்துப் பார்த்தீங்களா, ஓட்டுமேல சத்தம் கேட்டுச் சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் வேறு யாரையோ கூப்பிட்டுக் கேட்பார்கள். பிறகு, "சத்தம்தாங்க" என்று வரும். அவர் நோட்டில் 'சத்தம்' என்று எழுதுவார். எலுமிச்சை என்றால் நாட்டு எலுமிச்சையா என்று கேட்பார். முட்டை என்றால் கோழியா, காடையா என்று கேட்பார். ஆலங்கட்டியைக் கையில் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினால் திட்டு விழும். "உங்க கை என்ன அளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல ஒரு ரூபாய்க் காசை வைங்க!" கட்டியைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார். அதை வாங்குவதற்காக நாங்கள் ஸ்கூட்டியில் முப்பது கிலோமீட்டர் போவோம். இதனால்தான் ஊர்க்காரர்கள் அவருக்கு ஐஸ்காரம்மா என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர் அவருக்குப் பொருத்தம்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவருக்குச் சொந்த ஊர் மணமேல்குடிப் பக்கம். அப்பா கட்டுமாவடியில் மீன்பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற வேலை. ஐஸைப் பற்றி அவரிடம் யாரும் அளக்க முடியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆலங்கட்டியை இரண்டாக அறுத்துக் காட்டுவார். உள்ளே வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கு வெள்ளையாக, ஓர் அடுக்கு கண்ணாடியாக. "மேகத்துக்குள்ள எங்கெங்க போச்சுன்னு இதுலயே எழுதியிருக்கு பாரு" என்பார். அப்போது மட்டும் அவர் முகத்தில் கோபம் இருக்காது. மத்தியானச் சோற்றுக்குக் கருவாட்டைச் சுட்டு வைத்துக்கொண்டு சாப்பிடுவார். எங்கள் வீட்டில் கருவாடு ஆகாது என்று தெரிந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார். இரண்டாவது மாதத்திலேயே 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது.

ஒருமுறை ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். முந்தின நாள் காற்றில் நாலு மின்கம்பம் சாய்ந்திருந்தது. "இது காலநிலை மாற்றத்தாலதான்னு ஒரு வரி சொல்லுங்க மேடம், போதும்." அவர் அரைமணி நேரம் பேசினார். ஒரு காற்றை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். பத்து வருசக் காற்றைப் பார்க்க வேண்டும், கம்பம் எவ்வளவு ஆழம் நட்டிருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் செய்தியில் அவர் இல்லை. வேறு ஒருவர் இருந்தார், அந்த ஒரு வரியோடு. நான் வருத்தப்பட்டேன். "எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டா எழுதியிருப்பான். அவனுக்குத் தெரிஞ்சதைச் சொல்ல ஒரு வாய் வேணும், அவ்வளவுதான்" என்றார்.

இந்தக் குணத்தை நான் மதித்தேன். அதே குணத்துக்காக அவரை அடிக்க வேண்டும்போல எனக்குத் தோன்றிய ஒரு நாளும் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊரில் எங்களுக்கு இரண்டு தகடு. ஒன்று பள்ளிக்கூட மாடியில். இன்னொன்று மூன்று கிலோமீட்டர் தள்ளி, பாக்கியம் அக்கா வீட்டில். பாக்கியம் அக்காவுக்குக் கணவர் இல்லை. குத்தகை நிலத்தில் தனியாளாக வாழை போட்டிருந்தார். வாழை குலை தள்ளியிருந்தது. பதினைந்து நாளில் வெட்டலாம்.

எங்கள் ஐஸ்காரம்மா அக்கா ஏதோ கூட்டத்துக்காக டெல்லி போயிருந்த வாரம் அது. பாக்கியம் அக்கா வீட்டுத் தகட்டை நான் மாற்ற வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. அன்று மகள் பள்ளியில் ஆண்டுவிழா. பழைய தகட்டைத் திங்கள்கிழமை போனபோதே கழற்றிவிட்டேன். புதியதை வியாழக்கிழமை கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மாடியில் வெறும் சட்டம்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. எங்கள் வீட்டில் நாலு தூறல் விழுந்து மண்வாசம் வந்து நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா ஊரிலோ காற்றும் ஆலங்கட்டியும் பதினெட்டு நிமிசம் நின்று அடித்தது. பதினெட்டு என்பது பிறகு அக்கா ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்து எடுத்த கணக்கு.

மறுநாள் காலையில் போனேன். வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. இலை கிழிந்திருந்தது என்று சொல்ல முடியாது, நார் நாராகத் தொங்கியது. குலைகள் தரையில் கறுத்துக் கிடந்தன. வீட்டு முன்வாசலின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓட்டை ஓட்டையாக வானம் தெரிந்தது. கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்க ஓடியபோது பாக்கியம் அக்காவின் இடது கை மணிக்கட்டில் கட்டி விழுந்து எலும்பு விட்டிருந்தது. மாவுக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"நீ வச்ச தகடு காட்டும்ல தாயி?" என்றார். "அதுல பதிஞ்சிருக்கும்ல?"

சட்டம் காலியாக இருந்ததை அவர் பார்க்கவில்லை. மாடிக்கு அவர் எங்கே ஏறப் போகிறார்? நான் என்ன சொன்னேன் என்று இப்போதும் என் காதில் விழுகிறது. "பதிஞ்சிருக்கும்க்கா."

அந்த ஊரில் பதினொரு குடும்பம் நிவாரணத்துக்கு மனு எழுதியது. அதை வாங்கிய அலுவலகம் எது என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கிருந்த அதிகாரி மனுவைப் பார்த்தவுடனேயே சொல்லியிருக்கிறார்: பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, இந்த அலுவலக வளாகத்திலேயே இருக்கிற மழைமானியில் லேசான மழைதான் பதிவாகியிருக்கிறது, ஆலங்கட்டிக்குப் பதிவே இல்லை, முட்டுக்கொடுக்காத வாழை காற்றில் விழுந்திருக்கும். ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். வந்து பார்க்கலாமே என்று கேட்டதற்கு, வண்டி இல்லை என்றாராம்.

ஆலங்கட்டி எல்லா இடத்திலும் விழாது. ஓடை ஓடுகிற மாதிரி ஒரு கோடாக விழுந்துகொண்டே போய்விடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் துணி காய்ந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற மழைமானிக்கு பாக்கியம் அக்காவின் கை தெரியாது. இதைச் சொல்ல அக்கா ஊரில் இல்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. நான் செய்தது வேறு.

அக்காவின் வாடகை அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு புதுத் தகடு ஒன்றை எடுத்தேன். ஸ்டூல்மேல் ஏறினேன். எந்த உருண்டையை எந்த உயரத்திலிருந்து போட்டால் எந்தக் குழி என்று எனக்குத் தெரியும். பெரிய உருண்டை, நடுத்தரம், சின்னது என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நம்பும்படியாக இருக்க வேண்டும் என்று ஒரு மூலையில் அதிகமாகவும் ஒரு மூலையில் குறைவாகவும் போட்டேன். போட்டோ எடுத்து, தேதியும் இடமும் எழுதி, எங்கள் திட்டத்தின் பெயரும் அச்சாகிற மாதிரி பிரிண்ட் எடுத்து பாக்கியம் அக்காவிடம் கொடுத்தேன். "மனுவோட வச்சுக் குடுங்க" என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். விழுந்தது பொய்யா? வாழை போனது பொய்யா? நான் கட்டாமல் விட்ட தகடு இருந்திருந்தால் இப்படித்தானே இருந்திருக்கும்? என் தப்பை நானே சரி செய்கிறேன். இப்படியே சொல்லிக்கொண்டேன்.

அக்கா டெல்லியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் அந்த ஊருக்குத்தான் போனார். போனில் நான் நிலவரத்தைச் சொல்லியிருந்தேன். தகடு காற்றில் போய்விட்டது என்று சொல்லியிருந்தேன். பிரிண்டைப் பற்றிச் சொல்லவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் அக்கா வாசலில் ஓர் அலுமினிய அண்டா கவிழ்ந்து கிடந்தது. நெல் அவிக்கிற அண்டா. நான் நாலு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அக்கா அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அண்டாவின் ஒரு பக்கம் முழுக்கக் குழி. மறுபக்கம் வழவழவென்று இருந்தது. மேற்கேயிருந்து காற்று அடித்திருக்கிறது, கட்டிகள் சாய்வாக வந்திருக்கின்றன. ஒவ்வொரு குழியையும் அளந்தார். நான் எழுதினேன். எழுபத்து மூன்று குழி. மத்தியானச் சாப்பாடு இல்லை. "தெர்மாகோலைவிட இது நல்ல சாட்சி. யாரும் அண்டாவுக்கு ஆராய்ச்சி தெரியும்னு சொல்ல மாட்டாங்க" என்றார். பள்ளிக்கூட மாடித் தகட்டையும் கழற்றினோம். அது கோட்டின் ஓரம். சின்னச் சின்னக் குழிகள்தான், ஆனால் இருந்தன.

அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி எழுந்து வந்து அண்டாவைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இதை எந்த ஃபைல்ல வைக்கச் சொல்றீங்க மேடம்?"

"அளவு எடுத்து எழுதியிருக்கேன். இந்தாங்க. ஜனங்க எடுத்த போட்டோ இருக்கு. காசு வச்சு எடுத்தது. பள்ளிக்கூடத் தகடு இருக்கு. இந்தம்மா கை இருக்கு. இதுக்குமேல நீங்களே ஒரு தடவ வந்து பாருங்க. பன்னெண்டு கிலோமீட்டர்தான்."

"பார்த்து என்னங்க ஆகப் போகுது? காலநிலை மாற்றம் மேடம். உங்களுக்குத் தெரியாததா? உலகம் பூராவும் இப்படித்தான் இருக்கு. நம்ம கையில என்ன இருக்கு?"

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

"அந்த வார்த்தையை நீங்க சொல்லாதீங்க. அது எனக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் மூணு வருசமா மாடி மாடியா ஏறிக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். புதன்கிழமை மூணு மணிக்கு அந்த ஊர்ல ஆலங்கட்டி விழுந்துச்சு. அதை எழுதுங்க. அதை எழுதுறது உங்க கையிலதான் இருக்கு."

அதிகாரி பதற்றப்படவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு ஃபைலைப் பிரித்தார். "எதுக்கு மேடம் கோபம்? உங்க ஆளுங்களே குடுத்திருக்காங்களே, இது போதுமே. திட்டத்துப் பேரு போட்டிருக்கு, தேதி இருக்கு. இதுக்குக் கீழ நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பதினொரு மனுவையும் இன்னிக்கே மேல அனுப்பிடுறேன். அண்டாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

என் பிரிண்ட்.

அக்கா அதைக் கையில் வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்குப் பதினெட்டு நிமிசத்தைவிட நீளமாக இருந்தது. பேனாவை அதிகாரியே எடுத்து நீட்டினார். பாக்கியம் அக்கா மாவுக்கட்டுக் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாக் குழியும் வட்டமா இருக்கு" என்றார் அக்கா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "சாய்ஞ்சு விழுந்தா நீளமா இருக்கும். அன்னைக்குக் காத்து அடிச்சுச்சு. இதுல காத்தே இல்லை."

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது பொய்."

அதிகாரிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. "நீங்களே சொல்லிட்டீங்க" என்றார். ஃபைலின் முதல் பக்கத்தில் எங்கள் கண் முன்னாலேயே எழுதினார். ஆதாரங்கள் சந்தேகத்துக்குரியவை. ஒரு காகிதம்தான் பொய். அவர் எழுதியது பதினொரு மனுவுக்கும். அண்டாவுக்கும், காசு வைத்து எடுத்த போட்டோவுக்கும், பள்ளிக்கூடத் தகட்டுக்கும் சேர்த்து எழுதினார். அக்கா மேஜையில் அடித்தார். கத்தினார். "அது மட்டும்தான் பொய்! மத்ததைப் பாருங்கய்யா!" பியூன் வந்து வெளியே போகச் சொன்னார்.

 பாக்கியம் அக்கா ஒற்றைக் கையால் அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் பிடிக்கப் போனேன். விலகிக்கொண்டார்.

அன்று அந்த அலுவலக வாசலில் நான் அக்காவிடம் கத்தினேன். வாழ்க்கையில் வேறு யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "ஒரு கையெழுத்துக்கா! ஒரே ஒரு கையெழுத்து! பதினொரு குடும்பம்க்கா! வட்டமா இருந்தா என்ன, நீளமா இருந்தா என்ன? விழுந்தது உண்மைதானே? அந்தாளே நம்பிட்டான், உங்களுக்கு என்ன?"

"அந்தாளு நம்பலைடி!" என்று அவரும் கத்தினார். "அந்தாளுக்கு விழுந்தாலும் ஒண்ணுதான், விழுகாட்டியும் ஒண்ணுதான். அடுத்த வருசம் இன்னொரு ஊர்ல விழும். அங்க நெசமாவே ஒரு தகடு இருக்கும். அப்ப இந்த ஃபைலை எடுத்துக் காட்டுவான். அன்னைக்கு எவ சொல்லுவா பதில்? நீ சொல்லுவியா?" மூச்சு வாங்கியது. பிறகு மெதுவாக, "ஒரு தகடுன்னு நினைக்கிற நீ. நீ தொட்ட இருபத்தாறையும் இனி நான் எப்படி நம்புறது?" என்றார்.

வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. மறுநாள் இருபத்தாறு தகடுகளையும் என்னையே கழற்றச் சொன்னார். அந்தப் பருவத்துக் கணக்கு முழுவதையும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுத் தள்ளினார். அந்த ஒரு பருவம் போனதால் திட்டத்தை நீட்டிக்க முடியவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். அக்கா பதினான்கு திங்கள் போனார். அவர் எண்ணி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அதே அளவுகள், அதே போட்டோக்கள். என் பிரிண்டைப் பற்றியும் முதல் பத்தியிலேயே எழுதியிருப்பார், எங்கள் தரப்பில் நடந்த தவறு என்று. என் பெயரைப் போடவில்லை. நான் வரவா என்று கேட்டபோது, "நீ வந்தா நான் ஒன்னப் பார்த்துக் கோவப்படுவேன். அங்க கோவப்பட வேற ஆளு இருக்கு" என்றார். பதினைந்தாவது திங்களுக்கு முன்னால் பதில் வந்தது. பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது என்று இரண்டே வரி. அந்த அதிகாரி அதற்குள் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போயிருந்தார்.

பாக்கியம் அக்கா நிலத்தை விட்டுவிட்டார். இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறார். இடது கை முழுசாகத் திரும்பாது. நான் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வகத்தில் இருக்கிறேன். பஸ்ஸில் சில நாள் அவரைப் பார்ப்பேன். பார்த்தால் தலையசைப்பார். அதற்குமேல் பேசியதில்லை. அக்கா வடக்கே எங்கோ ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். அவருடைய கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதி அனுப்பினார். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பகுதியில் ஆலங்கட்டி கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும் அளவுக்குப் பதிவுகள் இல்லை என்று பதினொரு பக்கத்தில் எழுதியிருந்தார். ஒரு பருவத்தின் தரவுகள் நம்பகத்தன்மை இல்லாததால் நீக்கப்பட்டன என்று நடுவில் ஒரு வரி. அந்த வரி நான்தான்.

யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு வருடக்கணக்காகத் தெரியவில்லை. முதலில் அவர்மேல். பிறகு என்மேல். இப்போது அந்த 'வண்டி இல்லை'யின்மேல். பன்னிரண்டு கிலோமீட்டர் வந்து கண்ணால் பார்த்திருந்தால் தகடும் வேண்டாம், அண்டாவும் வேண்டாம், நான் பொய் சொல்லியிருக்கவும் வேண்டாம். ஆனால் அப்படிச் சொல்லி என் கையைக் கழுவிக்கொள்ளவும் முடியவில்லை.

திட்டம் முடிந்து வாடகை அறையைக் காலி செய்வதற்கு முந்தின நாள் அக்கா என்னிடம், "பாக்கியம் வீட்டுக்குப் போகணும், வண்டியை எடு" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் நாலரை மணி. பாக்கியம் அக்கா ஒற்றைக் கையால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. அக்கா நின்றபடியே சொன்னார்.

"ஊருக்குப் போறேன். ஒங்க மொகத்தப் பார்த்துச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். என்னால அதுல கையெழுத்துப் போட முடியலை."

பாக்கியம் அக்கா விறகைக் கீழே போட்டார்.

"நீங்க பொய் சொல்லலைம்மா. சரி. நான் ஒங்களப் பொய் சொல்லச் சொல்லலை. எனக்கு அந்தக் காயிதத்துல என்ன இருந்துச்சுன்னே தெரியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். நெசத்த அண்டாவோட கொண்டுபோய் வச்சீங்களே, அதை மட்டும் அவன் கேட்டானா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்கும்மா அளந்தீங்க? ஒரு பொழுது பூரா சோறு தண்ணியில்லாம ஒக்காந்து அளந்தீங்களே, எதுக்கு?"

  காற்றில் வைக்கோல் தூசு பறந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பையைத் திறந்து நோட்டை எடுத்தார். மண்ணில் உட்கார்ந்தார்.

"அளந்ததை எழுதிட்டேன். நீங்க பட்டதை எழுதலை" என்றார். "எழுதுனா ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. அதை இப்பவே சொல்லிடுறேன். சொல்றீங்களா?"

பாக்கியம் அக்கா போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றபடியே ஆரம்பித்தார். திட்டுவதுபோலத்தான் சொன்னார். மேற்கே எந்தப் பனைமரத்துக்கு மேலே முதலில் கறுத்தது, முதல் கட்டி எங்கே விழுந்தது, ஆடு எந்தப் பக்கம் இழுத்தது, கையில் விழுந்தபோது எப்படிச் சத்தம் கேட்டது, எந்த டாக்டர் கட்டுப் போட்டார், மனு எழுதிக் கொடுத்தவர் யார், அலுவலகத்தில் எத்தனை தடவை எத்தனை மணி நேரம் நின்றார், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது என்ன சொன்னார்கள். குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். அக்கா நிமிரவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எழுதுனீங்களா?"

"எழுதிட்டேன்."

"அந்தாளு பேரு?"

ஆராய்ச்சிக் குறிப்பில் ஆட்களுடைய பெயர் வரக்கூடாது. யாராக இருந்தாலும் ஓர் எண்தான். பாக்கியம் அக்காவே அந்த நோட்டில் ஓர் எண்தான். முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"சொல்லுங்க" என்றார் அக்கா.

பாக்கியம் அக்கா அந்தப் பெயரைச் சொன்னார். வேலியோரம் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, ஒவ்வோர் எழுத்தாகக் கடித்துத் துப்புகிற மாதிரி சொன்னார்.

அக்கா எழுதினார். எழுதியதை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இனிஷியல்?" என்று கேட்டார்.